ஒத்துப்போகாதவனோடு எப்படி ஒருமித்து ஜெபிப்பது?

கேள்வி (2025 ஜனவரி 18)

"இன்றைக்குக் கிறிஸ்தவ ஒருமைப்பாட்டு ஜெபவாரம் தொடங்குகிறதாம். எங்கள் சபைக்கும் அழைப்பு வந்திருக்கிறது. நான் போகப்போவதில்லை. 'இரண்டுபேர் ஒருமனப்பட்டிருந்தாலொழிய ஒருமித்து நடந்துபோவார்களோ?' என்று ஆமோஸ் கேட்கிறார். உபதேசத்தில் ஒத்துப்போகாதவனோடு கைகோத்து நின்று ஜெபிப்பது வேஷம். ஒற்றுமை ஒற்றுமை என்று பேசுகிறவர்கள் எல்லாருமே சத்தியத்தைக் காற்றில் பறக்கவிட்டவர்கள்தான். தவறென்றால் வசனத்தோடு காட்டுங்கள்."

ஜனவரி 18, இரவு

வசனத்தோடு கேட்டதால் ஆமோஸிலிருந்தே வருகிறேன். மூன்றாம் அதிகாரத்தை அந்த ஒரு வரியோடு மூடிவிடாமல் கீழே படியுங்கள். இரை இல்லாமல் சிங்கம் கெர்ச்சிக்குமா, கண்ணி இல்லாமல் குருவி அகப்படுமா, எக்காளம் ஊதினால் ஊர் கலங்காதா என்று கேள்விமேல் கேள்வி. எல்லாம் போய்ச் சேருகிற இடம் எட்டாம் வசனம்: கர்த்தர் பேசிவிட்டார், தீர்க்கதரிசி எப்படிச் சொல்லாமல் இருப்பான்? காரணமில்லாமல் காரியம் நடக்காது என்கிறார் ஆமோஸ். யாரோடு ஜெபிக்கலாம், யாரோடு கூடாது என்ற பட்டியல் அங்கே இல்லை. அந்த வரியைப் பிய்த்தெடுத்துக் கல்யாணப் பேச்சிலும் எறிகிறார்கள், கூட்டு வியாபாரத்திலும் எறிகிறார்கள். பாவம் ஆமோஸ்.

வேஷம் கூடாது என்கிறீர்களே, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் ஒத்துப்போகிறவனோடு மட்டும்தான் நிற்பேன் என்றால், பிரதர், உங்கள் சொந்த சபையின் மூப்பர்கள் கூட்டத்தில் எத்தனை பேர் பக்கத்தில் நிற்பீர்கள்?

ஜனவரி 19

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. ஜெபவாரத்தைப் பற்றி உங்களுக்கு இருக்கும் சந்தேகம் ஆதாரமற்றது அல்ல. 1908இல் அமெரிக்காவில் அதைத் தொடங்கிய பால் வாட்சன் அப்போது எபிஸ்கோப்பல் திருச்சபைக் குரு. எல்லாரும் ரோமாபுரியோடு சேரவேண்டும் என்பதே அவர் வேண்டுதல். அடுத்த வருஷமே தம் குழுவோடு கத்தோலிக்கத்தில் சேர்ந்துவிட்டார். "ஒற்றுமை என்றால் நீ என் பக்கம் வருவது" என்ற கணக்கு அதில் இருக்கத்தான் செய்தது.

1930களில் பால் கூட்டூரியே என்கிற பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குரு அந்த ஜெபத்தையே திருப்பிப்போட்டார். கிறிஸ்து விரும்பும் ஒருமை, அவர் விரும்பும் வழியில் வரட்டும் என்று கேட்போம், யாரும் யாரையும் இழுக்க வேண்டாம் என்றார். இன்றைக்கு நடப்பது பெரும்பாலும் அவர் வழியில்தான். அதனால் போகலாம். கையெழுத்துப் போடச் சொன்னால் மட்டும் படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஜனவரி 21

இப்படியொரு கூட்டத்தின் ஏற்பாட்டுக் குழுவில் நானும் இருந்திருக்கிறேன். முதல் சண்டை நோட்டீசில் யார் பெயர் மேலே என்பதில். அகரவரிசையில் போடலாமே என்றார் ஒருவர். அவர் பெயர் 'அ'வில் தொடங்கியது. வயது வரிசை என்றார் மூத்தவர். குருப்பட்டம் பெற்ற வரிசை என்றார் இன்னொருவர். எங்களுக்குப் பட்டமே கிடையாது, அபிஷேகம்தான் உண்டு என்றார் மற்றொருவர். கடைசியில் பெயர் எதுவும் இல்லாமல் நோட்டீஸ் அடித்தோம். பேசப்போவது யாரென்று தெரியாததால் கூட்டம் சேரவில்லை. யாரும் பெருமையடித்துக்கொள்ள வழியில்லாமல் நடந்த ஒரே ஒற்றுமைக் கூட்டம் அதுதான்.

முடிவில் ஆசீர்வாதம் கூற மேடையில் போட்டி. நாற்காலி அடுக்க ஆளைக் காணோம்.

ஜனவரி 24

உபதேச வித்தியாசத்தைப் பவுல் நேரடியாகக் கையாளும் இடம் ரோமர் 14. ஒருவன் எதையும் புசிக்கலாம் என்கிறான், ஒருவன் கூடாது என்கிறான். ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், ஒருவன் எல்லா நாளும் ஒன்று என்கிறான். இதில் பவுலுக்கே ஒரு கட்சி உண்டு. தீட்டானது எதுவும் இல்லை என்று நிச்சயமாய் அறிந்திருக்கிறேன் என்று மறைக்காமல் சொல்கிறார். ஆனாலும் மற்றவனை மாற்று என்று சொல்லவில்லை.

நான் பலமுறை படித்தும் கவனிக்காத ஒன்று மூன்றாம் வசனத்தில் இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே கட்டளை கொடுக்கவில்லை. புசிக்கிறவனுக்கு, மற்றவனை அற்பமாய் எண்ணாதே. புசியாதவனுக்கு, மற்றவனைக் குற்றவாளியாகத் தீர்க்காதே. சுதந்தரம் உள்ளவனுக்கு வரும் வியாதி ஏளனம். கட்டுப்பாடு உள்ளவனுக்கு வரும் வியாதி தீர்ப்பு.

நம் சபைகளைப் பாருங்கள். ஆராதனை முறை அச்சிட்ட புத்தகம் வைத்திருக்கிறவர்கள், கைதட்டிப் பாடுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்: சத்தம், உணர்ச்சி, படிப்பில்லை. கைதட்டுகிறவர்கள் சிரிப்பதில்லை. "அவர்கள் இரட்சிக்கப்படவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் மற்றவன் பாவத்தைத்தான் கண்டிக்கிறது.

எங்கள் அப்பா தீர்ப்புக் கட்சி. வேறு சபைப் போதகர் வீட்டுக்கு வந்து ஜெபித்தால் மரியாதையாய் எழுந்து நிற்பார், கண்ணை மூடுவார், முடிவில் ஆமென் சொல்லமாட்டார். உதடு ஒட்டியே இருக்கும். அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துச் சத்தமாகச் சொல்லிவிடுவார். ஞானஸ்நான விஷயத்தில் நான் அப்பாவை விட்டுப் பிரிந்தேன். ஆமென் விஷயத்தில் இரண்டு பேரையும் விட்டு.

ஜனவரி 25

யாரோ "அத்தியாவசியமானவற்றில் ஒற்றுமை, மற்றவற்றில் சுதந்தரம், எல்லாவற்றிலும் அன்பு — பரிசுத்த அகஸ்தீன்" என்று படம் போட்டிருக்கிறார்கள். அகஸ்தீன் அதைச் சொல்லவில்லை. 17ஆம் நூற்றாண்டில்தான் அந்த வாசகம் தலைகாட்டுகிறது. 1617இல் மார்கோ அந்தோனியோ டி டொமினிஸ் எழுதியதில் இருக்கிறது. பிறகு முப்பதாண்டுப் போரின் நடுவே ரூபெர்ட்டுஸ் மெல்டேனியுஸ் என்ற புனைபெயரில் ஒரு லூத்தரன் எழுதியதில் இருக்கிறது.

டி டொமினிஸ் கதையைக் கேளுங்கள். கத்தோலிக்கப் பேராயர். ரோமோடு பிணங்கி இங்கிலாந்துக்குப் போய் ஆங்கிலிக்கன் ஆனார். பிறகு அங்கேயும் பிணங்கி ரோமுக்கே திரும்பினார். 1624இல் சமய விசாரணை மன்றத்தின் காவலில் செத்தார். செத்தபிறகும் தீர்ப்பு எழுதி உடலை எரித்தார்கள். "எல்லாவற்றிலும் அன்பு" என்று எழுதிய கைக்குக் கிடைத்தது அது. படம் போடுகிறவர்கள் அடியில் இதையும் போடலாம்.

அந்த வாசகத்தில் எனக்கு வேறொரு தொல்லையும் உண்டு. எது அத்தியாவசியம் என்று யார் முடிவு செய்வது? எல்லாச் சண்டையும் அங்கேதானே.

பிப்ரவரி 2

அத்தியாவசியம் எது என்பதில் முடிவே வராமல் போன ஒரு பழைய வழக்கு இருக்கிறது.

கி.பி. 155 வாக்கில், சிமிர்னா என்ற ஊரின் பிஷப் போலிகார்ப் முதிர்ந்த வயதில் ரோமுக்கு வந்தார். அங்கே பிஷப் அனிசெத்துஸ். சிமிர்னா இருந்த ஆசியா நாட்டுச் சபைகள் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) பஸ்காவை, அதாவது இன்றைய ஈஸ்டரை, யூத மாதமான நிசான் 14இல் கொண்டாடின, அது எந்தக் கிழமையில் வந்தாலும் சரி. ரோம் ஞாயிற்றுக்கிழமையில்தான் கொண்டாடியது. போலிகார்ப் சொன்னார்: யோவான் அப்போஸ்தலரோடு இருந்து நான் கற்றது இது. அனிசெத்துஸ் சொன்னார்: எனக்கு முன்னிருந்த மூப்பர்கள் தந்தது இது. பேசினார்கள். ஒருவரும் அசையவில்லை.

அசையவில்லை என்பதைக் கவனியுங்கள். நடுவழி கண்டுபிடித்தார்கள் என்று எங்கேயும் இல்லை. அனிசெத்துஸ் என்ன செய்தார் தெரியுமா? தம்முடைய சபையில், தம்முடைய இடத்தில், நற்கருணையை நடத்தும்படி போலிகார்ப்பிடம் விட்டுக்கொடுத்தார். இருவரும் சமாதானத்தோடு பிரிந்தார்கள். பிஷப் இரெனேயு எழுதியதைச் சபைச் சரித்திரக்காரர் யூசேபியு பாதுகாத்து வைத்திருப்பதால் நமக்கு இது தெரிகிறது.

கருத்தை விடவில்லை. இடத்தை விட்டார். நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். மேடையில் உபதேசத்தை எல்லாம் மழுப்பி, "நாமெல்லாம் ஒன்றுதானே" என்று சிரிக்கிறோம். நம் பிரசங்க பீடத்தில் இன்னொருவரை ஏற்றச் சொன்னால் கமிட்டி கூட்டவேண்டும் என்கிறோம்.

பிப்ரவரி 3

தொடர்ச்சி. ஏறக்குறைய ஒரு தலைமுறை கழித்து, 190 வாக்கில், ரோமின் பிஷப் விக்டர் இதே நாள் தகராறில் ஆசியாச் சபைகளையே ஐக்கியத்திலிருந்து வெட்டிவிடப் பார்த்தார். தடுத்துக் கடிதம் எழுதியவர் லியோன் நகரத்து இரெனேயு. போலிகார்ப்–அனிசெத்துஸ் கதையை அந்தக் கடிதத்தில்தான் எடுத்துக்காட்டினார். எனக்குப் பிடித்த விஷயம், நாள் விஷயத்தில் இரெனேயு விக்டரின் கட்சி. அவரும் ஞாயிறுதான் கொண்டாடினார். தன் கட்சிக்காரனிடமே போய் "நீ சொல்வது சரி, செய்வது தப்பு" என்று சொன்னார்.

எதிர்க்கட்சியைக் கண்டிக்க எல்லாருக்கும் வாய் வரும்.

பிப்ரவரி 9

அன்பு, ஒற்றுமை என்றெல்லாம் பேசுகிறோம், அதற்கு ஒரு மாதிரியாவது நேரில் பார்த்தீர்களா என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

பார்த்தேன். எங்கள் நண்பர் ஒருவரின் மனைவி ஆஸ்பத்திரியில், பிழைக்கமாட்டார் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா கத்தோலிக்கர். அவர் தம்பி பெந்தெகொஸ்தே சபை. இரவில் தம்பி தன் பாஸ்டரை அழைத்து வந்திருந்தார். பாஸ்டர் கட்டில் தலைமாட்டில் நின்று மெதுவாக ஜெபித்துக்கொண்டிருந்தபோது நண்பர் கூப்பிட்டிருந்த ஃபாதர் வந்துவிட்டார், நோயில் பூசுதல் கொடுக்க. எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. இந்த இடத்தில் ஒரு வாக்குவாதம் வந்தால் அந்த அம்மா காதிலும் விழுமே.

பாஸ்டர் ஜெபத்தை ஒரு வாக்கியத்தில் முடித்தார். சலைன் ஸ்டாண்டைத் தானே நகர்த்தி, "ஃபாதர், இந்தப் பக்கம் வாங்க, அங்க குழாய் இருக்கு" என்று தலைமாட்டை விட்டு விலகினார். வார்டில் பெரிய விளக்கை அணைத்திருந்தார்கள். ஃபாதருக்கும் வயதாகிவிட்டது, சின்னப் புத்தகத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்க் கொண்டுபோய்ப் பார்த்தார். பாஸ்டர் செல்போன் டார்ச்சைப் போட்டு அந்தப் பக்கத்தின்மேல் பிடித்தார். கை வலிக்கும்போது மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் பூசி முடியும்வரை வெளிச்சம் அசையவில்லை.

வெளியே வந்ததும் தம்பி கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: "பாஸ்டர், அந்த ஜெபத்தை நீங்க ஒத்துக்கிறீங்களா?"

"இல்ல. அவருக்கு வெளிச்சம் பத்தல."

அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. லிஃப்டுக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 11

மேலே உள்ளதற்கு "கண்கலங்கிவிட்டேன்" என்று நிறைய வந்துவிட்டது. கலங்கவேண்டாம். அந்த பாஸ்டர் மறு ஞாயிறே நோயில் பூசுதலைப் பற்றி, யாக்கோபு 5:14 சொல்வது அது அல்ல என்று பிரசங்கம் செய்தார். அதுவும் சேர்ந்ததுதான் அவர். அதை விட்டுவிட்டு டார்ச்சை மட்டும் எடுத்துக்கொண்டால் அவரை இனிப்பாக்கிவிடுகிறோம்.

"ஃபாதர் பதிலுக்கு என்ன செய்தார்?" என்று ஒருவர். நன்றி சொன்னார். பாஸ்டரின் பெயரைக் கேட்டார். நான் பார்த்தது அவ்வளவுதான்.

"அந்த ஃபாதர் பாஸ்டருக்கு நற்கருணை கொடுப்பாரா?" என்று இன்னொருவர். கொடுக்கமாட்டார், அவர் திருச்சபைச் சட்டப்படி முடியாது. பாஸ்டரும் கேட்கமாட்டார். அந்த வலி இருக்கிறது. இல்லாததுபோல் நடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வேறு சபையின் பந்திக்குப் போகும்போது அவர்கள் ஒழுங்கை மதித்து உட்கார்ந்தே இருங்கள். தெரியாமல் வரிசையில் நுழைந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டு அதை ஒற்றுமை என்று சொல்லவேண்டாம்.

பிப்ரவரி 16

நீண்ட ஒரு மறுப்பு வந்திருக்கிறது. சுருக்கம் இது: "எங்கள் சபையில் பணம் கையாடினார்கள். கேட்டபோது, 'ஒற்றுமையைக் குலைக்காதே, அன்பு திரளான பாவங்களை மூடும்' என்றார்கள். உங்கள் ஒற்றுமைப் பேச்சு இப்படிப்பட்டவர்களுக்குத்தான் உதவும்."

உண்மை. உதவத்தான் செய்கிறது. ஒற்றுமை என்ற சொல்லை அதிகம் சொல்பவர், பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவர். பணத்தைவிடக் கொடிய காரியங்களையும் இதே வசனத்தால் மூடியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தவனைக் காப்பாற்றுவதற்குப் பெயர் ஐக்கியம் அல்ல. அதற்குப் போலீஸ் இருக்கிறது.

வேதத்தில் இதற்கு இடம் கலாத்தியர் 2. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபிடத்திலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் தனியாகக் கூப்பிட்டுப் பேசவில்லை, எல்லாருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்தார். ஒற்றுமைக்காக வாயை மூடவேண்டும் என்றால் பவுல் அன்றைக்கு மூடியிருக்கவேண்டும். அவர் எதிர்த்ததோ பேதுரு பந்தியைப் பிரித்ததற்காகவே.

அதே பேதுருவின் பெயரில் உள்ள இரண்டாம் கடிதத்தில் "நமக்குப் பிரியமான சகோதரனாகிய பவுல்" என்று வருகிறது. கூடவே, அவர் கடிதங்களில் சில காரியங்கள் புரிந்துகொள்ள அரிது என்றும் வருகிறது. அந்தக் குத்தலுக்காகவே எனக்கு அந்தக் கடிதம் பிடிக்கும்.

பிப்ரவரி 17

நேற்றையதோடு ஒட்டிப் படியுங்கள்: அப்போஸ்தலர் 15இன் கடைசி. மாற்குவை அழைத்துப் போகலாமா என்பதில் பவுலும் பர்னபாவும் கடுங்கோபம் மூண்டு பிரிந்தே போனார்கள். யார் பக்கம் நியாயம் என்று லூக்கா சொல்லவே இல்லை. அதே மாற்குவை 2 தீமோத்தேயு 4இல், அழைத்து வா, ஊழியத்துக்கு உதவுவான் என்று பவுல் கேட்கிறார். நடுவில் என்ன நடந்தது? எழுதப்படவில்லை. ஒரு கடிதமா, ஒரு சந்திப்பா, வெறும் வயதா.

மார்ச் 2

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் எழுப்புதல் பிரசங்கிகளான ஒயிட்ஃபீல்டையும் வெஸ்லியையும் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார்கள்.

1739இல் ஜான் வெஸ்லி முன்குறிப்பு உபதேசத்தை (யார் இரட்சிக்கப்படுவார் என்பதை தேவன் முன்னமே குறித்துவிட்டார் என்பதை) தாக்கிப் பிரசங்கம் அச்சிட்டார். ஜார்ஜ் ஒயிட்ஃபீல்ட் வெளிப்படையாகப் பதில் கடிதம் எழுதி அச்சிட்டார். ஒரே எழுப்புதலின் இரண்டு கைகள், இரண்டும் தனித்தனியாகப் போயின. கடைசிவரை உபதேசத்தில் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஒயிட்ஃபீல்ட் தம் உயிலில் வெஸ்லி சகோதரர் இருவருக்கும் துக்க மோதிரம் எழுதிவைத்தார், சில உபதேசங்களில் கருத்து வேறுபட்டிருந்தும் இருதயத்தில் பிரியாத ஐக்கியத்துக்கு அடையாளமாக என்று காரணமும் சொல்லி. அவர் 1770 செப்டம்பர் 30இல் இறந்தார். நவம்பர் 18இல் லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி.

"கருத்து வேறுபட்டிருந்தும்" என்று உயிலிலேயே போட்டாரே, அதுதான் எனக்குப் பெரிது. மோதிரம் கொடுக்கும்போதுகூட வித்தியாசத்தை அழிக்கவில்லை.

மார்ச் 5

இரண்டு நாளாக முழுசாகத் தூங்கவிடாத ஒரு பின்யோசனை. அந்த இருவரையும் அழகான உதாரணமாகக் காட்டிவிட்டு நிறுத்துவது சரியாகப் படவில்லை.

ஒயிட்ஃபீல்ட் அடிமைகளை வைத்திருந்தார். ஜார்ஜியாவில் அடிமை முறை தடைபட்டிருந்த காலத்தில், அதைச் சட்டமாக்க வாதாடினார். 1751இல் சட்டமும் ஆயிற்று. வெஸ்லி அடிமை முறையைக் கண்டித்து எழுதியது 1774இல், நண்பர் இறந்த பிறகு. இருவரும் அச்சடித்துச் சண்டைபோட்டது முன்குறிப்பைப் பற்றி. ஒயிட்ஃபீல்டின் தோட்டத்தில் உழைத்த மனிதர்களுக்கு அந்தச் சண்டையும் தெரியாது, அந்த மோதிரமும் தெரியாது.

வேறுபாடு இருந்தும் அன்பு என்று நாம் பாராட்டுகிற இடத்திலெல்லாம், யாருடைய செலவில் அந்த அன்பு என்று ஒரு கேள்வி கேட்டாக வேண்டியிருக்கிறது. மோதிரத்தை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அதைப் பற்றிப் பேசும்போது இனிமேல் இதையும் சேர்த்துத்தான் பேசுவேன்.

மார்ச் 8

முதலில் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார்: "அப்படியானால் உபதேசம் முக்கியமில்லை என்கிறீர்களா?"

எங்கே சொன்னேன்? பவுல் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நடக்கிறார், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிலிப்பியர் 1: சிலர் பொறாமையினாலும் விரோதத்தினாலும் என் கட்டுகளுக்கு உபத்திரவம் கூட்டவே பிரசங்கிக்கிறார்கள், போகட்டும், கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே, சந்தோஷம். கலாத்தியர் 1: வேறொரு சுவிசேஷத்தை வானத்திலிருந்து ஒரு தூதன் வந்து சொன்னாலும் சபிக்கப்பட்டவன்.

தன்னைக் குத்தினவனை விட்டுவிடுகிறார். சுவிசேஷத்தைக் குத்தினவனை விடவில்லை. நாம்? நம் சபைப் பிரசங்கியார் பணம் போட்டால் பணம் பெருகும் என்று வேறொரு சுவிசேஷம் சொன்னால் "நம்ம ஆள்தானே" என்று விட்டுவிடுகிறோம். பக்கத்துச் சபைக்காரர் நம் கூட்டத்துக்கு வராமல் போனதை வருஷக்கணக்கில் மறப்பதில்லை.

மார்ச் 8, சற்று கழித்து

"நாங்கள் எந்தப் பிரிவும் இல்லை, கிறிஸ்துவை மட்டும் பின்பற்றுகிறோம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 1 கொரிந்தியர் 1:12. பவுலைச் சேர்ந்தவன், அப்பொல்லோவைச் சேர்ந்தவன், கேபாவைச் சேர்ந்தவன், நான்காவதாக "நான் கிறிஸ்துவைச் சேர்ந்தவன்". அந்த நாலாவதும் பிரிவுப் பட்டியலில்தான் வருகிறது. வரவேற்கிறேன்.

மார்ச் 15

இடத்தை விட்டுக்கொடுப்பது தனி மனிதரால் முடியும், சபைகளால் முடியுமா என்று கேட்டால், முடிந்த ஒன்று நமக்கு மிக அருகில் இருக்கிறது.

1910இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் வேதநாயகம் சாமுவேல் அசரியா என்ற தமிழ் ஆங்கிலிக்கன் குரு பேசினார். நீங்கள் எங்களுக்காகச் செய்த தியாகமெல்லாம் சரி, நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். எல்லாருக்கும் அது இனிக்கவில்லை. அங்கே இருந்த பிளவு உபதேசத்தில் அல்ல, வெள்ளையருக்கும் இந்தியருக்கும் நடுவில். சபைப் பிரிவு என்ற பெயரில் நடப்பதில் பாதி இப்படித்தான்: நிறம், சாதி, பணம். உபதேசம் அதற்குப் போட்ட உறை.

1919இல் தரங்கம்பாடியில், பெரும்பாலும் இந்திய ஊழியர்கள் கூடி, எங்கள் பிரிவுகள் நாங்கள் உண்டாக்கியவை அல்ல, வெளியிலிருந்து வந்தவை என்று அறிக்கை விட்டார்கள். அசரியா அதில் முக்கியமானவர். பேச்சுவார்த்தை 28 வருஷம் இழுத்தது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கத்தீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் சேர்ந்தன. பிஷப் உள்ள சபையும் பிஷப்பே வேண்டாம் என்ற சபைகளும் இப்படி ஒன்றானது அதுவரை இல்லாதது.

28 வருஷம் எதற்கு? பிஷப் கைவைத்துப் பட்டம் கொடுக்காத போதகரின் பட்டம் செல்லுமா என்பதுதான் முள். செல்லாது, மறுபடி பட்டம் பெறு என்று சொன்னால் ஒரு பக்கம் தன் பெற்றோரின் ஊழியத்தையே பொய்யென்று ஒத்துக்கொள்ளவேண்டும். செல்லும் என்றால் மறுபக்கம் தன் நம்பிக்கையை விடவேண்டும். அவர்கள் எடுத்த வழி: ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள் அப்படியே ஏற்கப்படுவார்கள், இனி வருகிறவர்களுக்கு பிஷப் பட்டம் கொடுப்பார், எந்தச் சபையின் மனசாட்சிக்கும் விரோதமாக ஒரு போதகரை அதன்மேல் திணிக்கமாட்டோம். லெஸ்லி நியூபிகின் என்ற பிரெஸ்பிட்டேரியன் போதகர் மதுரை–இராமநாதபுரத்துக்கு பிஷப் ஆனார். அதற்காக ஆங்கிலிக்கன் உலகம் உடனே கைதட்டிவிடவில்லை. உலக ஆங்கிலிக்கன் பிஷப்புகள் கூடிய 1948 லாம்பெத் மாநாடு புதிய திருச்சபையோடு முழு ஐக்கியத்துக்கு வரவில்லை.

அசரியா அந்த நாளைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி 1இல் இறந்துவிட்டார்.

மார்ச் 16

இன்னொரு பக்கம்: நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன் சபைகளில் பலர் இணைப்பை ஏற்கவில்லை, வெளியே நின்றார்கள். லூத்தரன்களும் பாப்டிஸ்டுகளும் சேரவில்லை. சேர்ந்த சபைக்குள்ளும் அதன்பிறகு தேர்தல், சொத்து, நீதிமன்ற வழக்கு எல்லாம் வந்தன, எல்லாருக்கும் தெரியும். சட்டப்படி ஒன்றாவது ஒரு நாளில் முடிந்துவிடும். அடுத்த நாள் காலையிலிருந்து ஒன்றாய் இருக்கவேண்டுமே.

ஏப்ரல் 6

"இதெல்லாம் நம் காலத்தில் நடக்கிற காரியமா?" என்று அலுத்துக்கொண்டவருக்கு, இரண்டு தேதி. 1529இல் ஜெர்மனியின் மார்பர்க்கில் சீர்திருத்தத் தலைவர்கள் லூத்தரும் ஸ்விங்லியும் 15 குறிப்புகளில் 14இல் ஒத்துப்போனார்கள். திருவிருந்து பற்றிய கடைசிக் குறிப்பில் உடைந்தது. அவர்கள் வழிவந்த ஐரோப்பியச் சபைகள் ஒருவர் பந்தியை ஒருவர் ஏற்றுக்கொண்டது 1973இல், லொய்ன்பெர்க் உடன்படிக்கையில். 444 வருஷம், ஒரு குறிப்புக்கு.

1054இல் ரோமும் கான்ஸ்டாண்டிநோபிளும் போட்டுக்கொண்ட சாபங்களை 1965 டிசம்பர் 7இல் போப் ஆறாம் பவுலும் பேட்ரியார்க் அத்தெனாகோரசும் நீக்கினார்கள். பிளவு இன்னும் தீரவில்லை. சாபம் மட்டும் போயிற்று. சாபம் போவதே பெரிய காரியம் என்று இளவயதில் எனக்குத் தோன்றியதில்லை.

ஏப்ரல் 12

ஆராதனை முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் பிள்ளைகள் காதில் என்ன விழுகிறது? எங்கள் வீட்டில் மற்றச் சபைகளைப் பற்றிய முழு உபதேசமும் அந்த வழியில்தான் நடந்தது. அப்பா பேர் சொல்லித் திட்டமாட்டார், "அவங்களும் பைபிள்தான் வச்சிருக்காங்க, திறந்தா தேவலாம்" என்பார். நாங்கள் சிரிப்போம். அந்தச் சிரிப்பை மறக்க எனக்கு வெகுகாலம் பிடித்தது. இதை எந்த மாநாட்டுத் தீர்மானமும் தொடாது.

ஏப்ரல் 20, உயிர்த்தெழுந்த ஞாயிறு

இந்த வருஷம் கிழக்குச் சபைகளும் மேற்குச் சபைகளும் ஒரே நாளில் கொண்டாடுகிறோம். பிஷப்புகளின் நைசியா சங்கம் 325இல் கூடி ஈஸ்டர் நாளை ஒன்றாக்கச் சொல்லி 1700 வருஷம் ஆகிறது என்பதால் சிலருக்கு இரட்டைச் சந்தோஷம். யாரும் பேசி ஒத்துக்கொண்டதால் வந்ததல்ல, ஜூலியன் நாட்காட்டியும் கிரிகோரியன் நாட்காட்டியும் தற்செயலாக ஒரே இடத்தில் வந்து நின்றதால் வந்தது. அடுத்த வருஷம் ஏப்ரல் 5, ஏப்ரல் 12 என்று மறுபடி பிரிந்துவிடும். போலிகார்ப்பும் அனிசெத்துசும் விட்ட வழக்கு இன்னும் நிலுவையில்தான்.

முதலில் கேட்ட பிரதர் தனியாக எழுதியிருந்தார். ஜெபவாரத்தின் கடைசி நாளில் போனாராம், பின்வரிசையில் உட்கார்ந்தாராம், ஆமென் சொல்லவில்லையாம். எங்கள் அப்பாவைப்போல எழுந்து நின்றீர்களா என்று கேட்டேன். நின்றேன் என்றார்.

இனி ஞானஸ்நானம் பற்றிப் பேசலாமா, முழுக்குதான் சரி என்று வசனத்தோடு காட்டுகிறேன் என்கிறார். தாராளமாக. குழந்தைகளுக்குக் கொடுப்பது சரி என்பது என் கட்சி, அதில் நான் இளகுவதாக இல்லை. புது இழை தொடங்குங்கள், கொலோசெயர் 2:11–12லிருந்து ஆரம்பிப்போம்.